எந்தப் பட்டன்ல நிக்கு?

கல்யாண வீடியோ எடிட் செய்யும் இடங்களில், நாகர்கோவில் ஆனாலும் மார்த்தாண்டம் ஆனாலும், ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "மெனுதானே, கடைசில பாத்துக்கலாம்." நிச்சயதார்த்தம், தாலிகட்டு, வரவேற்பு, மறுவீடு எல்லாவற்றையும் வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து, கலர் சரிபார்த்து, நாளைக்குக் காலையில் பார்ட்டி வந்து நிற்பார் என்ற நிலையில்தான் மெனு, அதாவது டிவிடியைப் போட்டதும் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கத் திரையில் வரும் பக்கம், ஞாபகத்துக்கு வரும். ஒரு டெம்ப்ளேட். அதில் மணமக்கள் படம், மேலே தங்க நிறத்தில் பெயர்கள், கீழே 'பிளே மூவி', 'சீன் செலக்ஷன்'. பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். பார்க்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மெனுவை டிஸ்க்குக்குப் போடும் மாலை மாதிரி நினைக்கிறார்களே, அது எனக்கு இன்றுவரை ஒத்துவரவில்லை. மாலையை யாரும் ஓட்டவேண்டியதில்லை. மெனுவை ஒருவர் ஓட்டியாக வேண்டும், அதுவும் அம்புக்குறி நான்கும் 'ஓகே' ஒன்றும் உள்ள ரிமோட்டை வைத்துக்கொண்டு.

அந்த ஒருவர் யார் என்று பாருங்கள். பிள்ளைகள் குவைத்திலோ சவுதியிலோ இருக்க, குளச்சல் பக்கமோ தக்கலை பக்கமோ வீட்டில் இருக்கும் பாட்டாவும் ஆச்சியும்தான் கல்யாண டிஸ்க்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள். அவர்களுக்கு முழுப் படமும் வேண்டாம். பேத்தி தாலி கட்டிக்கொண்ட இடம் வேண்டும், பந்தியில் தம்பி குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடம் வேண்டும். அம்புக்குறியை மேலும் கீழும் அமுக்கிவிட்டு பாட்டா கேட்பார்: "எடே மக்கா, இப்போ எந்தப் பட்டன்ல நிக்கு?" அந்தக் கேள்விக்குத் திரை பதில் சொல்லவேண்டும். நன்றாக ஜோடித்த பல மெனுக்கள் சொல்வதில்லை.

இரண்டு பட்டன் சிக்கல்

மெனுவில் இரண்டே பட்டன் என்று வையுங்கள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். எது தேர்வாகியிருக்கிறது? செய்தவருக்குத் தெரியும், மஞ்சளை ஹைலைட் நிறமாக வைத்ததே அவர்தான். பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் இரண்டு நிறம். அம்பை அமுக்கினால் நிறங்கள் இடம் மாறும், குழப்பம் அப்படியே இருக்கும். மூன்று பட்டன் இருந்தால் இரண்டு ஒரே நிறத்திலும் ஒன்று தனியாகவும் தெரியும். தனியாக நிற்பதுதான் தேர்வு என்று கண் தானே பிடித்துக்கொள்ளும். இரண்டில் அந்த வழி அடைபட்டுப்போகிறது. நம் கல்யாண டிஸ்க்குகளின் முதல் மெனுவில் பெரும்பாலும் இருப்பதோ சரியாக இரண்டு பட்டன்: முழுவதும் பார்க்க ஒன்று, பகுதி பகுதியாகப் பார்க்க ஒன்று. கண்ணுக்குப் பட்ட இடத்திலேயே சிக்கலை வைத்திருக்கிறோம்.

நிறத்தை மாற்றாமல் ஓர் உருவத்தைக் காட்டி மறைப்பதே இதற்கு வழி. பட்டன் எழுத்துக்கள் எல்லாம் ஒரே நிறத்தில் பின்னணிப் படத்திலேயே இருக்கட்டும். தேர்வாகும் பட்டனுக்கு இடப்புறம் மட்டும் ஒரு சின்ன விளக்குச் சுடரோ முக்கோணமோ தோன்றட்டும். சாதாரண நிலையில் அது முழுக்க ஒளிபுகும். தேர்வானால் முழுக்கத் தெரியும். 'ஓகே' அமுக்கும்போது ஒரு கணம் வேறு நிறம். இப்போது எத்தனை பட்டன் இருந்தாலும் குழப்பம் இல்லை.

இந்தச் சுடரை வரைவதில்தான் ஃபோட்டோஷாப் பழக்கம் காலை வாரிவிடும். டிவிடி மெனுவில் இரண்டு அடுக்கு உண்டு. அடியில் இருப்பது எம்பெக்-2 என்ற வீடியோ வடிவில் சுருக்கிய படம். அதில் எத்தனை நிறம் வேண்டுமானாலும் வரும். மேலே பிளேயர் வரைவது சப்பிக்சர் எனப்படும் அடுக்கு. ஹைலைட் முழுக்க இந்த அடுக்கில்தான். இதில் ஒரு புள்ளிக்கு 2 பிட் மட்டுமே. அதாவது நான்கே மதிப்புகள், அதில் ஒன்று பெரும்பாலும் வெற்றிடத்துக்குப் போய்விடும். மிச்சம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் 16 நிறப் பட்டியலிலிருந்து ஒரு நிறமும், 16 படிகளில் ஒரு ஒளிபுகு அளவும் கொடுக்கலாம். அவ்வளவுதான் கையிருப்பு. சுடரைச் சுற்றி மெல்லப் படரும் பொன்னொளி, மங்கி மறையும் நிழல் எல்லாம் இங்கே செல்லாது. மானிட்டரில் அழகாக இருந்த ஒளிவட்டம் டிவியில் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து, சுடரைச் சுற்றிப் பூஞ்சை பிடித்த மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பிரஷ்ஷை விட்டு பென்சில் கருவியை எடுங்கள். ஓரத்தை மழுப்பும் ஆன்டி-ஏலியாஸ் அணைந்திருக்கட்டும். அகலம் 24 முதல் 30 பிக்சல், உயரம் 24 கோட்டுக்கு (டிவி திரையின் ஒரு கிடைவரிசை ஒரு கோடு) குறையாமல், எழுத்திலிருந்து 12 பிக்சல் தள்ளி. ஓரம் கரடுமுரடாகத் தெரிந்தால், மூன்று மதிப்புகளில் இரண்டாவதை அதே நிறத்தில் பாதி ஒளிபுகுமாறு வைத்து, ஓரத்தைச் சுற்றி ஒரு பிக்சல் வரியாக ஓட்டுங்கள். தூரத்திலிருந்து பார்க்க வளைவு மாதிரியே இருக்கும். கோவில் கல்யாணத்துக்குச் சுடர், ஆலயத் திருமணத்துக்குச் சிலுவை என்று வைப்பவர்கள் சிலுவையின் குறுக்குக் கையை 6 கோடு தடிமனாவது வையுங்கள். ஒரே ஒரு கோடு தடிமனில் கிடைக்கோடு போட்டால் அது ஒரு ஃபீல்டில் மட்டுமே இருக்கும் (டிவி ஒவ்வொரு படத்தையும் ஒன்று விட்டு ஒரு கோடாக இரண்டு பாதியாகக் காட்டுகிறது; அந்தப் பாதிதான் ஃபீல்ட், இந்த முறைதான் இன்டர்லேஸ்). பழைய டியூப் டிவியில் விநாடிக்கு 25 தடவை வந்து வந்து போகும். பட்டனுக்கு அடிக்கோடு போடுவதானாலும் இதே கணக்கு: 4 கோடு, இரட்டைப்படைக் கோட்டில் தொடங்கவேண்டும்.

கையில் டிவிடி மெனு கட்டும் மென்பொருளான அடோபி என்கோர் இருந்தால் (கடைசிப் பதிப்பு சிஎஸ்6, அதோடு நிறுத்திவிட்டார்கள்; இன்னும் பல கம்ப்யூட்டர்களில் அதுதான் ஓடுகிறது), ஃபோட்டோஷாப்பில் லேயர் பெயரின் தொடக்கத்தில் போடும் குறிகள்தான் எல்லாம். அடைப்புக்குறிக்குள் கூட்டல் குறி போட்ட குரூப் ஒரு பட்டன். அதற்குள் சமக்குறியும் 1, 2, 3 எண்களும் போட்ட லேயர்கள்தான் அந்த மூன்று மதிப்புகள். சதவீதக் குறி போட்டால் அது வீடியோ சிறுபடம் வரும் இடம். குறிக்கும் பெயருக்கும் நடுவில் இடைவெளி விட்டு, அல்லது குரூப்புக்கு வெளியே லேயரை விட்டுவிட்டு, 'ஹைலைட் வரமாட்டேங்கு' என்று அரை நாள் தேடுபவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் டிவிடிஸ்டைலரில் வேலை பார்த்தால் பட்டனின் பண்புகளிலேயே மூன்று நிலைகளுக்கும் நிறம் கொடுக்கலாம். ஆனால் பெயர்களில் ஒரு பொறி இருக்கிறது. என்கோரில் 'செலக்டட்' என்பது அம்புக்குறி வந்து நிற்கும் நிலை. டிவிடிஸ்டைலரிலும் அதற்கு அடியில் ஓடும் கருவிகளிலும் அந்த நிலைக்குப் பெயர் 'ஹைலைட்'. 'செலக்டட்' என்றால் ஓகே அமுக்கிய நிலை. என்கோர் பழக்கத்தில் நிறத்தைப் போட்டால் சுடர் அமுக்கும்போது மட்டும் மின்னி மறையும், நிற்கும்போது தெரியாது.

பட்டனின் செவ்வகம் சுடரையும் எழுத்தையும் சேர்த்தே மூடட்டும். பக்கத்துப் பட்டன் செவ்வகத்தோடு ஒரு கோடுகூட உரசக்கூடாது.

அகலத் திரையும் பழைய டிவியும்

இப்போது படம் பிடிப்பதெல்லாம் 16:9. மெனுவையும் அப்படியே செய்வது இயல்பு. ஆனால் 4:3 டியூப் டிவி இன்னும் ஓடுகிற வீடுகள் உண்டு, அங்கே ஒரு விசித்திரம் நடக்கும்: நடுவில் இருக்கும் பட்டனில் சுடர் சரியாக நிற்கும், மேலே உள்ள பட்டனில் சுடர் எழுத்துக்கு மேலே ஏறிவிடும், கீழே உள்ளதில் கீழே இறங்கிவிடும். கணக்குப் போட்டால் புரியும். 576 கோடு உயரமான படத்தை பிளேயர் 432 கோட்டுக்குச் சுருக்கி, மேலும் கீழும் 72 கோடு கறுப்பு விடுகிறது. 100-ஆம் கோட்டில் இருந்த எழுத்து 147-க்கு இறங்கும். 500-இல் இருந்தது 447-க்கு ஏறும். 288-இல் இருந்தது அசையாது. சப்பிக்சரை மட்டும் பிளேயர் சுருக்குவதில்லை. அது பழைய இடத்திலேயே வரைந்துகொண்டிருக்கும். அதனால்தான் அகல மெனுவுக்கு, அகலத் திரைக்கு ஒன்றும் மேலும் கீழும் கறுப்பு விட்ட லெட்டர்பாக்ஸுக்கு ஒன்றுமாக இரண்டு சப்பிக்சர் தேவைப்படுகிறது. நல்ல ஆதரிங் மென்பொருள் (டிவிடி கட்டும் மென்பொருள்) இரண்டையும் தானே செய்துவிடும். எல்லாம் செய்வதில்லை. (இதனாலேயே ஒரு மெனுவில் 36 பட்டன் என்ற உச்சவரம்பு அகல மெனுவில் 18 ஆகக் குறைகிறது. 18 பட்டன் யாருக்கு வேண்டும் என்பது வேறு விஷயம்.)

உங்கள் மென்பொருள் செய்கிறதா என்று தெரியாவிட்டால் மெனுவை 4:3-இல் செய்துவிடுங்கள். படம் 16:9 ஆகவே இருக்கலாம். மெனுவுக்கும் படத்துக்கும் தனித்தனி அளவு வைக்க டிவிடி விதி இடம் கொடுக்கிறது. எல்.இ.டி. டிவியில் மெனு மட்டும் இரு பக்கமும் கறுப்புப் பட்டையோடு வரும், அல்லது கொஞ்சம் இழுபடும். ஹைலைட் விலகுவதற்கு இது தேவலை.

அளவைச் சொல்லியாகவேண்டும். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) டிவிடியின் உண்மையான அளவு 720×576, ஆனால் அதன் பிக்சல் சதுரம் இல்லை. ஆகவே 4:3 மெனுவை 768×576-லும், 16:9 மெனுவை 1024×576-லும் வடிவமைத்து, கடைசியில் 720-க்குச் சுருக்கவேண்டும். நேரே 720-இல் வரைந்தால் 4:3-இல் எல்லாமே ஏறக்குறைய 7 சதவீதம் அகலமாகும். 16:9-இல் 42 சதவீதம். கன்னியாகுமரி ஸ்டுடியோக்களுக்குப் பிடித்த பின்னணி வள்ளுவர் சிலை. 133 அடி வள்ளுவர் தொந்தி போட்டு நிற்பதைப் பார்த்தால் மெனு எந்த அளவில் வரையப்பட்டது என்று சொல்லிவிடலாம். எந்த அளவில் வரைந்தாலும், 720×576 கணக்கில் பக்கவாட்டில் 72 பிக்சலும் மேல் கீழ் 58 கோடும் எழுத்துக்குத் தடை. டியூப் டிவி மட்டும் ஓரத்தை வெட்டுவதாக நினைக்கவேண்டாம், எல்.இ.டி. டிவிகளிலும் ஓவர்ஸ்கேன் தானாக இயங்கிக்கொண்டிருக்கலாம்.

புள்ளியும் கொக்கியும்

ஆங்கில டெம்ப்ளேட் செய்தவர்கள் யோசிக்காத ஒன்று தமிழ் எழுத்தின் புள்ளி. 28 பிக்சல் உயரத்தில் தமிழ் எழுத்து வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி மூன்று நான்கு கோடுதான் இருக்கும். இன்டர்லேஸில் அது துடிக்கும். எம்பெக் அழுத்தத்தில் பின்னணியோடு கரைந்தும் போகும். 'வரவேற்பு' அப்போது 'வரவேறபு'. எழுத்து 36 பிக்சலுக்குக் கீழே போகக்கூடாது என்பது என் கணக்கு. புள்ளி 5 கோடாவது வரவேண்டும். அதற்காகத் தடித்த எழுத்தாக்கி, மேலே 3 பிக்சல் அவுட்லைனும் போட்டால் வேறொரு வில்லங்கம்: 'வி'யின் கொக்கியும் 'வீ'யின் சுழியும் அடைபட்டு ஒன்றுபோல் ஆகிவிடும். 'மறுவீடு' எந்த வீடு என்று தெரியாமல் போகும். தடித்த எழுத்து சரி, அவுட்லைன் வேண்டாம். படிக்க வசதியாக வேண்டுமென்றால் எழுத்துக்குப் பின்னால் 60 சதவீதம் ஒளிபுகும் கறுப்புப் பட்டை ஒன்று போதும். நிறத்தில் அடர்சிவப்பைத் தவிருங்கள். மூன்று கம்பி மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயரில் போகும்போது சிவப்பு பக்கவாட்டில் ஒழுகி, ஓரம் கலங்கித் தெரியும். தூய வெள்ளைக்கு (255) பதில் 235 வரை உள்ள வெள்ளை.

பழைய ஃபோட்டோஷாப் யூனிகோட் தமிழை ஒழுங்காகக் கோர்க்காது. 'கெ' எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். அதனால்தான் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இன்னும் வேலை நடக்கிறது. அப்படிச் செய்தால் லேயரை ராஸ்டரைஸ் செய்த (எழுத்தைப் படமாக்கிய) ஒரு பிரதியும் சேமியுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் 'தாலிகட்டு' ஆங்கில எழுத்துக் குப்பையாகக் கிடக்கும். ஃபோட்டோஷாப் சிசி பதிப்புகளில் டைப் அமைப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான வசதியைத் தேர்ந்தெடுத்தால் யூனிகோட் சரியாக வரும். கிம்பும் இங்க்ஸ்கேப்பும் காசில்லாமலே தமிழைச் சரியாகக் கோர்க்கும். ஆதரிங் மென்பொருளுக்குள் நேரே தமிழ் தட்டச்சு செய்வதைவிட, எழுத்தோடு சேர்ந்த பின்னணியை பிஎன்ஜியாகக் கொண்டுபோவது நிம்மதி.

கடலைப் பின்னணியாக வைப்பவர்களுக்கு

சூரிய உதயமும் அலையும் இல்லாத மெனு இந்த ஊரில் அபூர்வம். அசையும் மெனுவில் கடலை வைக்கிறீர்கள் என்றால், வீடியோவைச் சுருக்கும் என்கோடருக்கு அதைவிடக் கஷ்டமான காட்சி அதிகம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வையுங்கள். ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு புள்ளியும் மாறும். முந்தைய ஃபிரேமிலிருந்து கடன் வாங்க எதுவும் இருக்காது. 4 எம்பிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 4 மெகாபிட்) அலையெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். மெனுவுக்கு 7 முதல் 8 எம்பிபிஎஸ் கொடுங்கள். இடம் போய்விடுமே என்று பயப்படவேண்டாம்: 30 விநாடி மெனு 7 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 26 எம்.பி.தான். நான்கு மெனு சேர்ந்தாலும் படத்தில் மூன்று நிமிஷத்துக்கும் குறைவான இடம். உதய வானத்தின் மெல்லிய நிறமாற்றம் பட்டை பட்டையாகப் பிரியும். அதன்மேல் ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் தூவினால் மறையும். மாத்தூர் தொட்டிப் பாலத்தைத் தூரத்திலிருந்து எடுத்து வைப்பவர்களுக்கு வேறு தொல்லை. நீண்ட கிடைக்கோடுகள் துடிக்கும். செங்குத்தாக மட்டும் அரை முதல் ஒரு பிக்சல் பிளர் கொடுத்தால் அடங்கும்.

சுற்றி வரும் இடத்தில் ஒட்டுத் தெரியாமல் இருக்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. 21 விநாடி கிளிப் எடுத்து 10-ஆம் விநாடியில் வெட்டுங்கள். பின்பாதியை முன்னால் வைத்து, முன்பாதியை அதன் பின்னால் ஒரு விநாடி மேலடுக்கி, ஒன்று மறைய மற்றது தோன்றும் கிராஸ்டிசால்வ் போடுங்கள். 20 விநாடி மெனு கிடைக்கும். அதன் கடைசி ஃபிரேமும் முதல் ஃபிரேமும் ஒரிஜினலில் அடுத்தடுத்து இருந்தவை, அதனால் படத்தில் ஒட்டு இருக்காது. ஆனால் பிளேயரின் லென்ஸ் மறுபடி தொடக்கத்துக்குப் போக நேரம் எடுக்கும். அந்த நேரம் படம் உறைந்து நிற்கும், ஹைலைட்டும் மறைந்து வரும். வீடியோவால் இதைச் சரிசெய்ய முடியாது. கடலை 50 சதவீத வேகத்தில் ஓடவிட்டால் உறைவது அவ்வளவாக உறுத்தாது. இசையைக் கடைசி இரண்டு விநாடியில் இறக்கி, முதல் அரை விநாடியில் ஏற்றுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டை 48-க்கு மாற்றி, ஏசி3 ஒலி வடிவில் 192 கேபிபிஎஸ். அளவைப் படத்தின் சத்தத்தைவிட 6 டெசிபல் குறையுங்கள். ஆராதனையின் மெல்லிய குரலைக் கேட்க சத்தத்தைக் கூட்டிவைத்தவர் 'மெனு' அமுக்கியதும் நாதஸ்வரம் அலறி வீடே எழுந்துகொள்ளக்கூடாது. அசையாத மெனுவானாலும் வெறும் அமைதியான ஆடியோ ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். சில பிளேயர்கள் ஆடியோவே இல்லாத மெனுவில் முரண்டு பிடிக்கும்.

எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது

ஒவ்வொரு பட்டனுக்கும் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு வழி கொடுக்கவேண்டும். மென்பொருள் தானாகக் கொடுக்கும் வழி நேர் வரிசையில் சரியாக இருக்கும். பட்டன்களைக் கோலம் போல வட்டமாக அடுக்கினால் வலது அமுக்கும்போது எங்கோ தாவும். கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா போலப் பத்து நாள் நிகழ்ச்சி என்றால் ஒரே பத்தியில் பத்துப் பட்டன் ஆசை வரும். கணக்குப் பாருங்கள்: பாதுகாப்பு ஓரம் போக 460 கோடு, தலைப்புக்கு 80, மிச்சம் 380. ஒரு பட்டனுக்கு 38 கோடு. 36 பிக்சல் எழுத்து அதில் மூச்சுவிட முடியாது. இரண்டு பத்தியாக ஐந்தைந்து வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 76 கோடு. மூன்றாம் நாளிலிருந்து வலது அமுக்கினால் எட்டாம் நாளுக்கு. பத்தில் கீழ் அமுக்கினால் எங்கும் போகவேண்டாம், அங்கேயே நிற்கட்டும். சுற்றிக்கொண்டு ஒன்றுக்குப் போனால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். சிறுபடம் வைத்தால் ஒரு பக்கத்துக்கு நான்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பகுதியும் கறுப்பிலிருந்து விரிந்து தொடங்குவதாக எடிட் செய்திருப்பீர்கள், அப்போது சிறுபடம் நான்கும் கறுப்பாக வரும். சிறுபடத்துக்கு எடுக்கும் போஸ்டர் ஃபிரேமை மூன்று நான்கு விநாடி தள்ளி, முகம் தெரியும் இடத்தில் வையுங்கள்.

சேப்டர் குறியை எடிட்டிங் டைம்லைனிலேயே போட்டுவிடுவது முக்கியம். சேப்டர் எப்போதும் ஒரு ஐ-ஃபிரேமில்தான் (முந்தையதிலிருந்து கடன் வாங்காத முழு ஃபிரேம்) தொடங்கும், பால் டிவிடியில் ஒரு ஐ-ஃபிரேமில் தொடங்கும் கட்டு அதிகபட்சம் 15 ஃபிரேம். என்கோட் செய்தபிறகு குறி வைத்தால் 0.6 விநாடிவரை தள்ளிப்போகும். 'தாலிகட்டு' அமுக்கினால் முந்தைய காட்சியின் பந்தல் ஒரு கணம் மின்னிவிட்டுப் போகும். முன்கூட்டிக் குறி வைத்தால் என்கோடர் அந்த இடத்தில் ஐ-ஃபிரேமைப் போட்டுவிடும். மெனுவைக் கடைசியில் பார்ப்பதன் உண்மையான செலவு இங்கேதான் வருகிறது: எத்தனை பட்டன், எங்கே சேப்டர், ஒவ்வொன்றின் முகப்புக் காட்சி எது என்பதெல்லாம் எடிட் நடக்கும்போதே முடிவாகவேண்டியவை.

ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பார்த்து முடித்ததும் என்ன ஆகவேண்டும் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. மெனுவுக்குத் திரும்பவேண்டும் என்பார்கள் சிலர். கல்யாணப் படத்தில் அப்படியே அடுத்த பகுதிக்கு ஓடட்டும் என்பது என் கட்சி. யாரும் தாலிகட்டோடு எழுந்து போவதில்லை. முழுப் படம் முடிந்தால் கட்டாயம் மெனு. அப்போது ஹைலைட் 'பகுதிகள்' பட்டனில் வந்து நிற்குமாறு இறுதிக் கட்டளையிலேயே பட்டனைக் குறிப்பிடுங்கள். ரிமோட்டில் 'மெனு', 'டைட்டில்' என்று இரண்டு விசை உண்டு, இரண்டும் டிஸ்க்கின் வேறு வேறு இடத்தைத் தேடும். ஒன்றை மட்டும் கட்டியிருந்தால் மற்றதை அமுக்கும்போது திரையில் தடைக்குறி வரும். இரண்டையும் ஒரே மெனுவுக்கு இணைத்துவிடுங்கள். முதல் மெனு இரண்டு சுற்று ஓடி யாரும் எதுவும் அமுக்கவில்லை என்றால் படம் தானே தொடங்கட்டும்; டிவிடிஸ்டைலரில் மெனுவின் பின்கட்டளையில் இதை எழுதலாம். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்த வீடுகளுக்கு இது வரப்பிரசாதம். ஸ்டுடியோ லோகோ ஐந்து விநாடிக்கு மேல் வேண்டாம். அதைத் தாண்டவிடாமல் பூட்டிவைப்பது அநியாயம். காசு கொடுத்தவர் ஒவ்வொரு தடவையும் உங்கள் விளம்பரத்தைப் பார்க்கவேண்டுமா?

எழுதுவதற்கு முன்

கம்ப்யூட்டரில் விஎல்சியில் ஓடியது என்பது சோதனையே ஆகாது; அது எவ்வளவோ பொறுத்துப்போகும். அழித்து எழுதக்கூடிய ஒரு ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதி, கிடைப்பதிலேயே மலிவான பிளேயரில், மூன்று கம்பி வயரில், ரிமோட்டோடு பாருங்கள். படம் ஓடும்போது மெனு, டைட்டில், ரிட்டர்ன் மூன்றையும் அமுக்குங்கள். ஒவ்வொரு பட்டனிலும் நான்கு அம்பையும் அமுக்குங்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்து எழுத்தைப் படியுங்கள்.

4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் எல்லாம் சேர்ந்து 5.2 எம்பிபிஎஸ்தான் வரும். ஒலியும் கட்டுமானமும் போக வீடியோவுக்கு ஏறக்குறைய 4.8. மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.1 அளவுக்கு விழும், பந்திக் காட்சியில் எல்லார் முகமும் மெழுகு பூசியதாகும். இரண்டு டிஸ்க்காகப் பிரித்து, இரண்டிலும் ஒரே மெனு வடிவத்தை வைத்து, எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். 16எக்ஸ் டிஸ்க் ஆனாலும் 8எக்ஸில் எழுதி, வெரிஃபை ஓடவிடுங்கள். மேலே காகித லேபிள் ஒட்டவேண்டாம், சுழலும்போது ஆட்டம் கொடுக்கும். இங்க்ஜெட்டில் நேரே அச்சடிக்கும் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம்.

"இப்போ யாருண்ணே சிடி போடுதா, பென் டிரைவ்ல தாங்க" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவர்களுக்கு டிவிடி ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து கொடுப்பதில் பயன் இல்லை. டிவி மெனுவைக் காட்டாது, படத்தை ஒரு ஜிபி துண்டுகளாகக் காட்டும், துண்டு முடியும் இடத்தில் பாட்டு அறுந்து நிற்கும். ஒவ்வொரு பகுதியையும் தனி எம்பி4 ஆக ஏற்றுமதி செய்யுங்கள். டிவியின் ஃபைல் பட்டியல்தான் அங்கே மெனு. சில டிவிகளில் தமிழ்ப் பெயர் வெறும் கட்டங்களாக வரும், அதனால் ஆங்கில எழுத்தில் பெயர் வைத்து, முன்னால் 01, 02 என்று எண் போடுங்கள். எண் இல்லாவிட்டால் ஆங்கில அகர வரிசையில் மறுவீடு முதலில் வரும், பிறகு நிச்சயதார்த்தம், அதற்கும் பிறகுதான் தாலிகட்டு.